சும்மா நிற்கவில்லை அது

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் அடிச்சுருங்க, சரியாப் போயிரும்." எருமப்பட்டி கடைவீதியில் கேட்டாலும் இதுதான், பஸ் ஏறி நாமக்கல் போய்க் கேட்டாலும் இதுதான். மருந்து சொல்கிறவர் நோயைக் கேட்பதில்லை. வைரஸ் என்பார், சிஸ்டம் பழசு என்பார், லோடு ஜாஸ்தி என்பார். எதைச் சொன்னாலும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான்: மெதுவாக இருக்கிற பொருள் சோம்பிக் கிடக்கிறது, ஒரு தட்டு தட்டினால் எழுந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தாலே அந்த எண்ணம் ஆட்டம் காணும். திணறும் கணினியில் டிஸ்க் என்ற கட்டம் நிறம் ஏறி 100 சதவீதம் காட்டும். அதே நேரத்தில் நகர்ந்த தகவல் எவ்வளவு என்று பார்த்தால் நொடிக்கு ஒரு எம்.பி.கூடத் தேறாது. முதல் எண் டிஸ்க் வேலையில் மூழ்கியிருந்த நேரத்தைச் சொல்கிறது, இரண்டாவது அந்த நேரத்தில் நம் கைக்கு வந்ததை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. இன்ஜின் அலறுவது வண்டி ஊர்ந்து போகும் இடத்தில்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. கேட்ட இடம் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை நகர்ந்து சரியான தடத்துக்குப் போக எட்டு, ஒன்பது மில்லி நொடி. ஆக ஓர் இடத்துக்குப் பதின்மூன்று மில்லி நொடி, நொடிக்கு எண்பது இடங்களுக்கும் குறைவு. ஒவ்வோர் இடத்திலும் 4 கே.பி. எடுத்தால் மொத்தம் 300 கே.பி. சொச்சம். இதே டிஸ்க் ஒரு சினிமாவை ஒரே நீளமாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்.பி. கொடுக்கும். பொருள் ஒன்று, வேக வித்தியாசம் ஐந்நூறு மடங்கு. டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லை, நாம் கேட்கிற விதம்தான் அதை அங்குமிங்கும் ஓட விடுகிறது.

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக்தான் சந்தைக்கு வந்த முதல் டிஸ்க் கணினி. அதில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. ஓர் இடத்தைத் தேடிப் போக 0.6 நொடி. இன்றைய 20 டி.பி. டிஸ்க்கோடு ஒப்பிட்டால் கொள்ளளவு 40 லட்சம் மடங்கு ஏறியிருக்கிறது, தேடிப்போகும் வேகம் 50 மடங்குகூட ஏறவில்லை. நாம் வயிற்றைப் பெருக்கிக்கொண்டே போனோம், கால் கிட்டத்தட்ட அதே கால். எஸ்எஸ்டி வந்துதான் இந்தக் காலை ஒழித்தது. அதற்கும் வேறு வியாதிகள் உண்டு, வருகிறேன்.

பாகம் பாகமாக வாங்கி வீட்டில் சேர்த்த கணினியில் சங்கடம் இன்னும் கொஞ்சம் கூடுதல். கம்பெனி பெட்டியில் எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்பே யோசித்து முடித்திருப்பார். நாமே சேர்த்ததில் ஒவ்வொரு இணைப்புக்கும் நாம்தான் ஜவாபு. மதர்போர்டில் இரண்டாவது எம்.2 இடத்தில் எஸ்எஸ்டியைச் செருகினால் சில போர்டுகளில் ஒரு சாட்டா போர்ட் செத்துவிடும். சில போர்டுகளில் அந்த இடத்துக்குப் பாதி பாதைதான் கொடுத்திருப்பார்கள். இதெல்லாம் கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். கையேடு பெட்டியில் இருக்கும், பெட்டி பரணில் இருக்கும். எங்கள் சமவெளியில் ஏப்ரல், மே வெயிலில் மூடிய அறைக்குள் கணினியை வைத்தால், வேகமான எஸ்எஸ்டி சூடு தாளாமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் 'பழசாயிருச்சு' என்றுதான் சொல்வோம்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், இன்ஜினீயரிங் படிக்கிறவன், இப்படித்தான் ஒன்றைச் சேர்த்திருந்தான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் விளக்கு. வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சாட்டா கேபிளை நன்றாக மடக்கி டேக் போட்டு இறுக்கியிருந்தான். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருந்தது. அப்பாவின் கோழிப்பண்ணைக் கணக்கு முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில்: எந்த பேட்ச் குஞ்சு எப்போது இறங்கியது, தீவனம் எத்தனை மூட்டை, செத்தது எத்தனை, நெக் நாமக்கல் மண்டலத்துக்கு அறிவித்த முட்டை விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் எத்தனை பைசா வித்தியாசம். நெக் என்ற, 1982-இல் தொடங்கிய அந்த முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் விலைதான் எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகளின் அன்றைய மனநிலை.

"வேல செய்யுதுங்ணா, ஆனா ஒரு ஃபைல் தெறக்கச் சொன்னா அப்படியே நின்னுக்குதுங்க. அப்புறம் அதுவாவே தெறந்துக்குதுங்க."

"தெறந்தா கணக்கு சரியா இருக்கா?"

"அதெல்லாம் சரியாத்தானுங்ணா இருக்குது."

இந்தக் கடைசி பதிலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தாமதம் உண்டு, தப்பு இல்லை.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. ஸ்மார்ட் என்பது அந்தக் குறிப்பேடு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் திறந்து பார்க்கலாம். சி7 என்ற வரி, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே கேபிளில் கெட்டுப்போன செய்திகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். எதிர்முனையில் அது ஒத்துவராவிட்டால் மறுபடி அனுப்பு என்று திருப்பிவிடும். தம்பியின் டிஸ்க்கில் அந்த எண் ஏறியிருந்தது. கேபிளை மாற்றினோம். ஏறுவது நின்றது. பழைய எண் பூஜ்யமாகாது, பட்டதை அது அழிப்பதில்லை.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த விஷயம் இன்னும் வேடிக்கை. கேபிள் வழியில் இப்படி ஆறு பிழை சேர்ந்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் ஒரு படி மெதுவான முறைக்கு இறங்கும். பிழை சேரச் சேர மேலும் இறங்கி, கடைசியில் ஒவ்வொரு எழுத்தையும் பிராசஸரே தூக்கிச் சுமக்கும் பிஐஓ என்ற முறையில் வந்து நிற்கும். எத்தனை பேர் அந்தக் கணினிகளை ஃபார்மட் அடித்திருப்பார்கள்! புது விண்டோஸ் ஏறியதும் எண்ணிக்கை பூஜ்யமாகி வேகம் திரும்பும். கேபிள் அதே கேபிள். சில மாதத்தில் பழைய கதை. ஃபார்மட்டின் புகழில் ஒரு பங்கு இப்படிச் சம்பாதித்தது.

கேபிள் மாறியும் தம்பியின் ஹார்ட் டிஸ்க் நின்று நின்றுதான் போனது. குறிப்பேட்டில் சி5 என்ற வரி பூஜ்யத்தில் இல்லை. படிக்க முடியாமல், ஆனால் இன்னும் கைவிடப்படாமல் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை அது. அப்படி ஓர் இடத்தில் என்ன நடக்கிறது? டிஸ்க் ஒருமுறை படிக்கிறது, சரிபார்ப்பு ஒத்துவரவில்லை. ஒரு சுற்று காத்திருந்து மறுபடி படிக்கிறது. முள்ளைச் சற்றே தள்ளி வைத்துப் பார்க்கிறது. மறுபடி, மறுபடி. வீட்டுக் கணினிக்கென்று விற்கும் டிஸ்க் ஓர் இடத்துக்காகப் பல நொடிகள், சிலவேளை அதற்கும் மேல் போராடும். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டுக்கென்று விற்பது ஏழு நொடியில் கைவிட்டுவிடும், பக்கத்து டிஸ்க்கில் நகல் இருக்கும் என்ற தைரியம். தனியாக இருப்பதற்கு அந்தத் தைரியம் கிடையாது. திரையில் நாம் பார்ப்பது ஒரு உருளும் வட்டம் மட்டும்.

மற்ற மெதுவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதே குணம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்று நிறுவனங்களும் சில மாடல்களில் எஸ்எம்ஆர் என்ற முறையைப் பயன்படுத்திவிட்டு வாங்குபவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்பது வெளியே வந்தது. இந்த முறையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறிப் படுத்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது அழியும். ஆகவே டிஸ்க் ஒரு சிறு மாற்றத்துக்காக ஒரு பட்டை முழுவதையும் மறுபடி எழுதுகிறது. சொல்லாமல் விற்றது நேர்மையில்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த டிஸ்க் பக்கத்துத் தடத்தை அழியவிடாமல்தான் நேரத்தைச் செலவிட்டது. 2014-இல் சாம்சங் 840 ஈவோ எஸ்எஸ்டியில் புதுக் கோப்புகள் பறந்தன, எழுதி நாளான கோப்புகள் ஊர்ந்தன. செல்லில் வைத்த மின்னேற்றம் நாள்பட நகர்ந்துவிட, அதைச் சரியாகப் படிக்கக் கட்டுப்பாட்டுச் சிப் திரும்பத் திரும்ப முயன்றதுதான் காரணம். அதே ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தம், 2015-இல் மறுபடி ஒன்று. அந்தத் தாமதம் முழுக்கச் சரியான எழுத்தைக் கண்டுபிடிக்கும் பாடு.

எல்லா மெதுவும் இப்படி மேன்மையானதல்ல. ராம் 4 ஜி.பி. மட்டும் இருக்கும் கணினியில் குரோமில் இருபது பக்கம் திறந்தால், இடம் பற்றாமல் விண்டோஸ் டிஸ்க்கையே ராமாக்கி ஓட்டும். குறை ராமில், பழி டிஸ்க்கின் மேல். சில நேரம் வெறும் சத்தமே போதும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2008 இறுதியில் டிஸ்க் அடுக்குகளின் முன் நின்று வாய்விட்டுக் கத்தினார். கத்திய நொடியில் டிஸ்க்கின் தாமதம் எகிறியது திரையில் தெரிந்தது. குரல் அதிர்வில் முள் தடத்தைவிட்டு விலகி, மறுபடி தேடிப் பிடித்திருக்கிறது. டவரை சப்ஊஃபருக்குப் பக்கத்தில் வைக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பாட்டுதான் ஜெயித்தது.

டிஸ்க் என்ற இந்த இயந்திரத்துக்கு முன்னால் எப்போதும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கெட்டுப்போன இடத்தில் கிடைத்ததை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடலாம். வேகம் குறையாது, யாருக்கும் தெரியாது, 4,320 முட்டை 4,820 ஆகியிருக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் நம் திட்டை வாங்கிக்கொண்டு சரிபார்க்கலாம். ஒவ்வொரு துண்டோடும் பிழை திருத்தும் குறியீட்டை எழுதி வைத்தவர்கள், தப்பாகச் சொல்வதைவிடத் தாமதமாகச் சொல்வது மேல், அதுவும் முடியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வது மேல் என்று முடிவெடுத்துவிட்டார்கள். நாம் கோளாறு என்று திட்டுகிற தாமதம் உடம்பு கெட்ட பிறகும் பொய் சொல்ல மறுப்பதற்கு டிஸ்க் கொடுக்கிற விலை. வேகத்தைக் காத்துக்கொள்ள நினைத்திருந்தால் உண்மையை விட்டுக்கொடுத்திருக்கும். நாமும் மனிதர்களில் டக்கென்று பதில் சொல்பவரையே கெட்டிக்காரர் என்கிறோம். வரப்பு எது, வாய்க்கால் யாருடையது என்று கேட்டால் சற்றே முகட்டைப் பார்த்துவிட்டுப் பேசும் பெரியவரை, பாவம், வயசாகிவிட்டது என்று தள்ளுகிறோம். அவர் மறந்தும் இருக்கலாம். மூன்று தலைமுறைப் பேரில் எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று உள்ளே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள அவர் சொன்னதைப் பார்க்க வேண்டும், எடுத்துக்கொண்ட நேரத்தை அல்ல.

இன்னொன்று, எச்சரிக்கையாக வரும் இந்த மெதுவு எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்துப்போனவற்றில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் வரிகளில் எதிலும் ஒன்றும் காட்டாமலே போயின. மேற்பரப்பில் முதல் பிழை தென்பட்டவற்றுக்கோ, பிழையில்லாதவற்றைவிட 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு சாகாமல் மெதுவாகிப்போன வன்பொருள்களையே தனியாக எடுத்துக்கொண்டது, 12 நிறுவனங்களிலிருந்து 101 சம்பவங்கள். சிலவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய பெரிய ஆட்களுக்கே மாதக்கணக்கு ஆகியிருக்கிறது. முழுதாக நின்றுபோனதை யாரும் கவனிப்பார்கள். ஊர்ந்துகொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறோம்.

இந்த இடத்தில் ஃபார்மட் மருந்து விஷமாகிறது. முழு ஃபார்மட் டிஸ்க்கின் ஒவ்வோர் இடத்திலும் எழுதிப் போகும். படிக்க முடியாத இடத்தின் மேல் எழுதியதும், அது தேறாவிட்டால் டிஸ்க் அதைக் கைவிட்டு உபரி இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். எப்படியானாலும் சி5 குறையும், வேகம் திரும்பும். கடைக்காரர் சொன்னது பலித்ததுபோலவே இருக்கும். எதைக் காப்பாற்றுவதற்காக அது அத்தனை நேரம் போராடியதோ, அதை நாமே அழித்துவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறது என்போம்.

தம்பியிடம் முதலில் நகல், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். காப்பி, பேஸ்ட் கொடுத்தால் முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ என்றொரு கருவி உண்டு. சுலபமாக வருவதை முதல் சுற்றில் வாரிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்துத் தாண்டிப் போகும், நல்லதெல்லாம் கரை சேர்ந்த பிறகே திரும்பி வந்து அவற்றைக் கெஞ்சும். இரவு முழுக்க ஓடியது. காலையில் பண்ணைக் கணக்கு முழுசாக வந்திருந்தது. வராமல் போன சில துண்டுகள் ஒரு சினிமாவின் நடுவில் விழுந்திருந்தன.

புது டிஸ்க் போட்டாயிற்று, கேபிளை இந்த முறை தளர்த்தியே விட்டிருக்கிறான், கண்ணாடி வழியாகப் பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட மனசில்லை. "இதுல சினிமா போட்டு வெச்சுக்கிட்டுமாங்ணா?" என்று கேட்டான். வைத்துக்கொள், வேறெங்கும் நகல் இல்லாத ஒன்றை மட்டும் அதில் வைக்காதே என்றேன்.