விளையாட்டுக்குப் பயன் வேண்டுமா?

பிள்ளைகள் வெளியிலே விளையாடுவது நல்லது என்பதை மறுப்பவர் எவருமிலர். வைத்தியர், ஆசிரியர், பெற்றோர் ஆகிய மூவரும் ஒருமித்து ஏற்கும் மிகச் சில கருத்துக்களுள் இதுவும் ஒன்று. ஆயினும், மாலை நான்கு மணிக்கு நமது ஒழுங்கைகளிலே நடந்து பார்த்தால், விளையாடும் பிள்ளைகளைக் காண்பது அரிதாகவும், புத்தகப் பையுடன் தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளைக் காண்பது எளிதாகவும் இருக்கின்றது. எல்லோரும் நல்லதென ஒப்புக்கொள்ளும் ஒன்று பேணப்படாமற் போவது ஏன்? அதன் நன்மைகளை நாம் அறியாமை இதற்குக் காரணமன்று. விளையாட்டை நன்மைகளைக் கொண்டு மட்டுமே அளக்கப் பழகிவிட்டமைதான் காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அந்நன்மைகளை நோக்குவோம். பகலொளியில் அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறும்பார்வை தோன்றும் வாய்ப்புக் குறைகின்றது எனப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வெயில் படும்போது தோலில் விற்றமின் டி உண்டாகின்றது. ஓடுதல், தாவுதல், ஏறுதல் என்பன எலும்பையும் தசையையும் வலுப்படுத்துகின்றன.

இவற்றினும் நுட்பமானது ஒழுக்கம் சார்ந்த நன்மை. கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். கோடுகளிற் காவல் நிற்போரின் கை படாது தட்டுக்களைக் கடந்து மீளவேண்டும். கை பட்டதா, படவில்லையா என்ற வழக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் எழும். தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. வழக்கு முடியாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே பிள்ளைகள் தாமே அதனை முடித்தாகவேண்டும். ‘அளாப்பி’ என்று பெயரெடுத்தவனை மறுநாள் சேர்த்துக்கொள்ள எவரும் விரும்பார். சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் பியாஜே, மாபிள் விளையாடும் சிறுவரை அவதானித்து, 1932 இல் வெளியிட்ட நூலிலே இதனையே விளக்கினார். சிறு பிள்ளைகள் விதியைப் பெரியோரிடமிருந்து வந்த மாற்றமுடியாத கட்டளையாகக் கருதுகின்றனர். வளர்ந்த பிள்ளைகளோ அது தம்முள் உடன்பட்டு ஆக்கியது, உடன்பட்டால் மாற்றத்தக்கது என உணர்கின்றனர். நீதி என்பது அஞ்சிப் பணியவேண்டிய ஆணையன்று, ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு என்ற அறிவு இவ்வாறு மணலிலே கீறிய கோட்டிற் பிறக்கின்றது.

இவை யாவும் உண்மையே. ஆயினும் இவ்வுண்மைகள் விளையாட்டைக் காக்கவில்லை. பயனுக்காக மட்டும் மதிக்கப்படும் பொருள், அதே பயனை எளிதிலே தரும் வேறொன்று கிடைத்தவுடன் கைவிடப்படும். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு. விற்றமினுக்கு மாத்திரை உண்டு. உடலுக்குப் பயிற்சி ஆசிரியர் உண்டு. ஒழுக்கத்துக்குப் பாடநூல் உண்டு. அன்றியும், பயன்களைத் தராசில் இட்டால், பரீட்சைப் புள்ளி கண்முன் நிற்கும். எலும்பின் வலுவோ கண்ணுக்குப் புலப்படாது. அத்தராசிலே விளையாட்டு என்றும் தோற்கும்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தஞ் செய்யும் தாய் கொடியவளா? கன்னங்கராவின் காலத்திலிருந்து இலவசக் கல்வியே இந்நாட்டு ஏழைக்குக் கிடைத்த ஏணி. காணியும் முதலும் இல்லாத குடும்பத்துக்கு வேறு ஏணி இல்லை. ‘இன்று விளையாடினால் நாளை யார் சோறு போடுவார்?’ என்ற அவளது வினாவை எள்ளிநகையாடும் உரிமை, அந்த ஏணியில் ஏறியே பல்கலைக்கழகம் வந்த நமக்கு நிச்சயமாக இல்லை. நாளையைப் பற்றிய அவளது கவலை அன்பின் வடிவமே.

ஆனால் அவ்வினாவினுள் ஓர் எண்ணம் மறைந்துள்ளது. பிள்ளைப்பருவம் முழுவதும் நாளைக்கான ஆயத்தம். அதன் பெறுமதி பிற்காலத்திலே பெறப்போகும் பலனில் மாத்திரமே உள்ளது என்பதே அவ்வெண்ணம். இதனை ரூசோ 1762 இல் வெளியிட்ட ‘எமில்’ என்ற நூலிற் கடிந்தார். பிறந்த குழந்தைகளிற் பலர் வளராமலே மறைந்த காலம் அது. உறுதியற்ற எதிர்காலத்துக்காக உறுதியான நிகழ்காலத்தைப் பலியிடுவது கொடுமை என்றார் அவர்.

நமக்கு இவ்வாதத்தை விளக்க ஐரோப்பாவுக்குச் செல்லவேண்டியதில்லை. 2004 மார்கழி 26 இல் கடல் கொண்டுசென்ற பிள்ளைகளுக்கும், 2009 வரை நீடித்த போரிலே மடிந்த பிள்ளைகளுக்கும் நாளை என்பது வரவில்லை. பிள்ளைப்பருவத்தின் பெறுமதி எதிர்காலத்தில் மட்டுமே உள்ளதாயின், அவர்கள் வாழ்ந்த நாட்கள் வீண் என்றாகும். அவர்களைப் பெற்ற எவரிடமும் சென்று இதனைச் சொல்ல எவருக்கும் நா எழாது. அவர்கள் கடற்கரையிலே ஓடி விளையாடிய மாலைப்பொழுது எதற்கும் ஆயத்தமன்று, அதுவே வாழ்வு. மறைந்த பிள்ளைக்கு உண்மையானது வாழும் பிள்ளைக்கும் உண்மையே.

தமிழ் மரபு இதனை அறியாததன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தபோது, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் வைத்தார். செல்வத்தை ஈட்டும் கருவியாக அன்றி, செல்வத்தோடு ஒருநிரையில் நிற்கும் தனி இன்பமாக வைத்தமை நோக்கத்தக்கது. பிள்ளைத்தமிழ்ப் புலவரும் சிற்றிலையும் சிறுதேரையும் ஊசலையும் பருவங்களாகவே கொண்டனர்.

அவ்வாறாயின் நன்மைகள் பொய்யா? அல்ல; அவை நாடாதபோது வருபவை. நற்றிணையின் 172 ஆம் பாடலிலே, சிறுமியர் வெண்மணலிற் புன்னை விதையை அழுத்தி விளையாடி, மறந்து செல்கின்றனர். அது முளைக்கின்றது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். அதனை அவர்களுக்குத் தங்கையென்று அன்னை கூறுகின்றாள். மரம் வேண்டுமென்று எவரும் விதைக்கவில்லை. விளையாட்டு விளையாட்டாகவே இருந்ததால் மரம் கிடைத்தது. ‘ஒழுக்கம் கற்பதற்காக இப்போது விளையாடுங்கள்’ என்று மணியடித்து, நடுவரையும் நிறுத்தினால், கிளித்தட்டு கற்பிக்கும் நீதியே அங்கு இல்லாதுபோம்.

எனவே பெரியோரின் கடமை பிள்ளைகளை விளையாடச் செய்வதன்று, விளையாட விடுவது. அதற்கு நிலம் வேண்டும்: மிதிவெடி அபாயப் பலகை நாட்டப்பட்ட வன்னிக் காணிகள் அதனைப் பிள்ளைகளுக்கு மறுத்தன, மதில்களும் வாகனங்களும் நகரத்திலே மறுக்கின்றன. பொழுது வேண்டும்: அதனை வகுப்புக்கள் கவர்ந்துள்ளன. அனுமதி வேண்டும்: அது தம்பிக்குக் கிடைக்கும் அளவுக்கு அக்காவுக்குக் கிடைப்பதில்லை. 1989 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை விளையாட்டை உரிமை என்கின்றது. 1991 இல் இலங்கையும் அதனை ஏற்புறுதி செய்தது. உரிமை என்பது பயன் காட்டிப் பெறும் சலுகை அன்று.

அந்தத் தாயிடம் நாம் கேட்கக்கூடியது மிகச் சிறியது: ஏணியை எறிந்துவிட வேண்டாம், நாளொன்றிலே ஒரு மாலைநாழிகையை மட்டும், எதற்கென்று கேளாது, பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். அது நாம் அளிக்கும் கொடையன்று, அவர்களுடையதே.