மருந்துக்கு எல்லை உண்டா?

ஒரே மருந்து, கடலுக்கு இப்பக்கம் ஒரு விலையும் அப்பக்கம் வேறொரு விலையுமாக விற்கப்படுமானால், விலை குறைந்த கரைக்குச் சென்று அதனை வாங்கி வருபவன் செய்தது நியாயமா, அநியாயமா? ஜவுளி வாங்கி வருபவனை யாரும் குறை கூறுவதில்லை. மருந்து என்றவுடன் மட்டும் சட்டம், உரிமை, கண்டுபிடித்தவனின் கூலி என்று பெரிய பெரிய பேச்சுக்கள் எழுகின்றன. அவற்றுள் எது மெய், எது வெறும் மிரட்டல் என்பதைத் தோட்டத்திலிருப்போரும் நகரத்திலிருப்போரும் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது அதன் பெயர். மின்சாரக் கம்பியின்மேல் உறை இருப்பதுபோல நம் நரம்புகளின்மேலும் ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய காவற்படையே புத்தி மாறி அவ்வுறையைத் தாக்கத் தொடங்குவதே இவ்வியாதி. கண் மங்கும், கால் மரக்கும், நடை தடுமாறும். சில வாரங்களில் தெளிந்ததுபோலத் தோன்றிப் பின்னர் மீண்டும் வரும். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றும். மலேசியாவில் இது அரிது. அரிது என்பதனால் நோயாளிக்கு என்ன ஆறுதல்? வைத்தியரே பெயர் சொல்லத் தாமதிக்கும் நோய்க்கு அண்டை வீட்டார் சீக்கிரம் பெயர் வைத்துவிடுகின்றனர். சோம்பல் என்பார் சிலர். செய்வினை என்று பூசாரியிடம் அழைத்துப் போவார் சிலர்.

இந்நோயின் வேகத்தைக் குறைக்கும் வலிய மருந்துகளிற் சில, இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுபவை. ஒக்ரிலிசுமாப் என்னும் மருந்து 2017-ஆம் வருஷம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை 600 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். வெளிவந்தபோது அந்நாட்டில் அதன் விலை வருஷத்துக்கு 65,000 டாலர். தோட்டத்துக் கணக்கை எழுதுகின்ற என் போன்ற கிராணிக்கு அத்தொகை சம்பளமாகத் தோன்றவில்லை. ஒரு டிவிஷனின் செலவாகவே தோன்றுகின்றது.

இனி, எல்லையைக் கடப்பது களவு என்போரைப் பார்ப்போம். அவர்களைக் கோலகங்சாருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஜில்லா அலுவலகத்தருகே முதுமை எய்திய பால்மரம் ஒன்று நிற்கின்றது. பேராக்கில் முதன்முதல் ஊன்றப்பட்டவற்றுள் ஒன்று என்று அதற்கு வேலியிட்டுக் காக்கின்றனர். அதன் மூதாதை எங்கிருந்து வந்தது? 1876-இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கு முளைத்த கன்றுகளே இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் பேராக்குக்கும் வந்தன. பிரேசில் நாட்டார் அதனைக் களவென்றே சொல்வர். தடுக்கும் சட்டம் அன்று இல்லையென்று வாதிடுவோரும் உளர். எவ்வாறாயினும் பிரேசிலுக்கு அதற்காக உரிமைப் பணம் போனதாக வரலாறு இல்லை.

மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாவும் அவ்வாறே. அது தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை. 1860-ஐ ஒட்டி அம்மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. 1865-இல் பொலிவியாவினின்று வெளியேறிய விதைகளால் ஜாவாவில் டச்சுக்காரர் பெருந்தோட்டம் எழுப்பினர். நம் பாட்டன்மார் வாயில் ஊற்றப்பட்ட கசப்பு, எல்லை தாண்டிய கசப்பே. விதை கடந்தபோது அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். நோயாளி கடக்கும்போது குற்றம் என்று பெயர். இந்த வேற்றுமையை நியாயம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

நிற்க, கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பார்க்கு விடை கூறாமல் தப்புதல் அறமாகாது. வேண்டும். பல வருஷ உழைப்பும் பெரும்பொருளும் செலவிட்டுத்தான் மருந்து பிறக்கின்றது. ஆனால் எவ்வளவு கூலி, எவ்வளவு காலம் என்பதே கேள்வி. இதற்கு இந்நோயின் சரித்திரமே நல்ல சான்று. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து ஒருவகைப் புற்றுநோய்க்காக 1997-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒக்ரிலிசுமாப் தாக்கும் அதே வெள்ளணுக்களை, அவற்றின்மேலுள்ள அதே அடையாளத்தைக் கொண்டு, இதுவும் தாக்குகின்றது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளர்க்கும் இது பயன்படுவதை 2008-இல் வெளியான பரிசோதனை ஒன்று காட்டியது. எனினும் உரிமையாளர் பழைய மருந்துக்கு அந்நோயின் பெயரில் அனுமதி பெறாமல், புதியதையே வளர்த்தனர். புதியது வெறும் பெயர் மாற்றமன்று. மனித உடலுக்கு மேலும் இசையுமாறு திருத்தி அமைக்கப்பட்டது. அதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் பழையதன் உரிமைக்காலம் முடியும் தருவாயில் இருந்தது, புதியதன் காலம் நெடியது என்பதும் மறக்கத்தக்கதன்று.

சுவீடன் நாட்டு வைத்தியர்கள் காத்திருக்கவில்லை. சீட்டில் அந்நோயின் பெயர் இல்லாவிடினும் பழைய மருந்தையே பெருவாரியாக ஏற்றினர். 2022-இல் வெளியான அவர்களது சொந்தப் பரிசோதனையும் அதன் பயனை உறுதிப்படுத்தியது. 2023-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கென ரிட்டுக்சிமாபைச் சேர்த்தது. இந்தியாவிலோ, ஹைதராபாத்துக் கம்பெனியொன்று 2007-இலேயே அதற்கு ஒப்பான மருந்தைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிவிட்டது. மருந்து உண்டு, விலையும் இறங்கியது, இடையிலிருப்பது கடல்.

அப்படியானால் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் வாங்கி வருவதே வழி என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் என் கருத்து, கடப்போரைப் புகழ்வோர் கருத்தினின்றும் வேறுபடுகின்றது. மாத்திரையாயின் மடியில் முடிந்து வரலாம். இது உயிரணுக்களில் விளையும் மருந்து. இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், உறையவுங் கூடாது. ஏற்றுமுன் ஈரல் அழற்சிக் கிருமி மறைந்திருக்கின்றதா என்று இரத்தம் பார்க்க வேண்டும். ஏற்றும்போது பல மணி நேரம் தாதி அருகிருந்து கவனிக்க வேண்டும்; ஏற்றியபின் வேறு தொற்றுநோய்கள் எளிதிற் பற்றும். பிரயாணி தன் உபயோகத்துக்கு ஒரு மாதத்து மருந்தையே கையோடு கொணரலாம் என்பது நம் நாட்டு விதி. ஒரே வேளை ஆறு மாதத்துக்குப் பயன்படும் மருந்தை அவ்விதி எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்! கொண்டுவந்த குப்பியினுள் என்ன இருக்கின்றது என்பதற்குத்தான் யார் பொறுப்பு? 2012-இல் அமெரிக்காவிலேயே, பல நாடுகளின் வழியே கைமாறி வந்த அவாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் போலிக் குப்பிகளில் மருந்தே இல்லையென்று கண்டனர்.

இவற்றுக்கெல்லாம் மேலான தடை ஒன்றுண்டு. கடக்க வல்லவன் யார்? கடவுச்சீட்டும் விமானக் கூலியும் அக்கரையில் தங்க உறவும் உடையவன். செம்பனைத் தோட்டத்தில் நாட்கூலி பெறுபவள், கால் தளர்ந்த நிலையில், ஆறு மாதத்துக்கொரு முறை கடல் கடப்பாளா? கடப்பவனைக் குற்றவாளி என்னேன். ஆனால் அவன் பிழைத்த வழியைச் சமூகத்தின் வழியென்று ஏற்கவும் மாட்டேன். நோயாளி கடப்பதல்ல, மருந்து கடப்பதே முறை.

மருந்து கடந்ததுமுண்டு. 2001-இல் தோஹா மாநாட்டில், மக்களின் சுகாதாரத்தைக் காக்க அரசாங்கங்களுக்கு உரிமையுண்டு என்று உலக வர்த்தக நாடுகள் ஒப்புக்கொண்டன. அதன்பின் 2003-இல் மலேசிய அரசாங்கம், 1983-ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் துணைகொண்டு, எய்ட்ஸ் நோய்க்கான மருந்துகளை இந்தியாவின் சிப்லா கம்பெனியிடமிருந்து வருவித்தது. 2017-இல், அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று வெளிவந்த சோபோஸ்புவிர் என்னும் ஈரல் மருந்துக்கும் அவ்வாறே ஆணை பிறப்பித்தது. எகிப்திலிருந்து மலிவான மருந்து வந்தது. 2018 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. அப்போது எந்த நோயாளியும் கெய்ரோவுக்குப் போகவில்லை.

ஆனால் அவ்விரண்டும் தொற்றுநோய்கள் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டான் நோய் நம்மையும் பற்றும் என்ற அச்சம் சர்க்காரின் கையை அசைத்திருக்கலாம். தோட்டத்து டிரெசர் வரிசையில் நிறுத்திக் கொயினா கொடுத்ததும் தயவினால் மட்டுமன்று. காய்ச்சற்காரன் பால் வெட்டமாட்டான் என்பதை துரைமார் அறிவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எவரையும் தொற்றாது. லயத்தின் கோடி வீட்டில் முடங்கிய ஒருத்தியால் யாருக்கும் அச்சமுமில்லை, யாருடைய கணக்கிலும் நஷ்டமுமில்லை. அச்சமும் லாபமும் இல்லாத இடத்தில் நாம் என்ன செய்வோம் என்பதே உண்மையான சோதனை.

ரிட்டுக்சிமாபுக்கு ஆணைகூடத் தேவையில்லை. அதன் மூல உரிமைக்காலம் முடிந்துவிட்டது. ஆகவே இந்நோய் கண்டவர்கள் ஒக்ரிலிசுமாபின் விலையைக் கேட்டு மனமுடைந்து வீடு திரும்புமுன், பழைய மருந்து தமக்கு ஆகுமா என்று அரசாங்க ஆஸ்பத்திரி நரம்பியல் நிபுணரிடம் கேட்டல் நலம். இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேட்கலாம். 2023-ஆம் வருஷப் பட்டியலைச் சுட்டிச் சுகாதார அமைச்சுக்கும் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மனுச் செய்யலாம். எழுத ஆள் இல்லையென்றால் தோட்டத்துக் கிராணிமார் நாங்கள் இருக்கின்றோம். மலாயிலும் எழுதித் தருவோம், ஆங்கிலத்திலும் எழுதித் தருவோம்.