தொலைவிலிருந்து காணும் மலைச்சரிவு

ஓர் அழிவை ஆபத்து எட்டாத தொலைவில் நின்று காண்பது அறத்துக்கு இசைவதா என்னும் கேள்வி மெய்யியலில் பழையது. 1790-இல் வெளிவந்த 'தீர்ப்பாற்றலின் திறனாய்வு' என்னும் நூலில் இம்மானுவேல் காண்ட், தலைக்கு மேல் அச்சுறுத்தி நிற்கும் பாறைகளையும் எரிமலைகளையும் காண்போர் அடையும் பெருவியப்பை, அதாவது உடலால் இயற்கைக்கு எளியவராயினும் அறிவால் அதற்கு அடங்காதவர் என்று தம்மை உணரும் நிலையை, ஆராய்ந்து, காண்பவர் பாதுகாப்பான இடத்தில் இருந்தாலன்றி அவ்வுணர்வு எழாது என்றார்.

அந்த நிபந்தனை போதாது என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமமே சான்று. கிளைனஸ் நெஸ்ட்ஹார்ன் சிகரத்திலிருந்து உதிர்ந்த பாறைகள் பிர்ச் பனியாற்றின்மேல் குவிந்து, அந்தச் சுமையால் பனியாறு விரைந்து நகர்வதைக் கண்காணிப்பாளர்கள் கண்டதால், 2025 மே 19 அன்று ஏறத்தாழ 300 பேர் வெளியேற்றப்பட்டனர். காயமுற்ற பசு ஒன்றுகூட ஹெலிகாப்டரில் தொங்கியபடி பள்ளத்தாக்கைக் கடந்தது. மே 28 பிற்பகலில் பனியாறு நொறுங்கி ஊரின் பெரும்பகுதியை மூடியது; லோன்சா ஆறு அடைபட்டுத் தேங்கி, எஞ்சிய வீடுகள் பலவற்றையும் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார்.

வெளியேறியவர்கள் காண்ட் கேட்ட பாதுகாப்பில்தான் இருந்தனர். எனினும் அவர்கள் தம் வீடும் தொழுவமும் புதைவதை வியப்போடு கண்டிருக்க முடியும் என்று எவரும் சொல்லத் துணியார். ஆகவே தொலைவை உடலிலிருந்து மட்டும் அளப்பது தவறு. காண்பவர் தமக்குரியதாகக் கருதும் யாவும் சரிவின் பாதைக்கு வெளியே இருந்தால்தான் அவர் வெறும் பார்வையாளர் ஆகிறார். உலகெங்கும் அதே காட்சியைத் திரையில் கண்டு வியந்தவர்களைப் பழிக்க வேண்டியதில்லை, ஆனால் அவர்களது வியப்புக்கு அடிப்படை அறிவின் உயர்வன்று, அங்கே அவர்களுக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதே.

கண்காணிப்பவரின் பார்வை இவ்விரண்டிலும் சேராது. ரேடார் என்னும் கருவி சரிவை நோக்கி மீண்டும் மீண்டும் வானொலி அலைகளை அனுப்பி, திரும்பி வரும் அலைகளை ஒப்பிட்டு, மில்லிமீட்டர் அளவிலான நகர்வையும் உணர்த்துகிறது. அதைப் படிப்பவரால் மலையைத் தடுக்க இயலாது, எனினும் கண்டதைச் சொல்லும் கடமையிலிருந்து அவர் விலக இயலாது. அக்கடமை எளிதன்று. நார்வேயின் வெஸ்லேமன்னன் மலைப்பகுதிக்குக் கீழே வாழ்ந்தோர் 2014 முதல் 16 முறை வெளியேற்றப்பட்டனர். அது சரிந்ததோ 2019 செப்டம்பர் 5 அன்று. இடைப்பட்ட எச்சரிக்கைகளைப் பொய் என்று தள்ளுவது முறையன்று, ஏனெனில் அந்நாள்களில் அறியக்கூடியதாக இருந்தது நகர்வின் வேகமேயன்றிச் சரியப்போகும் நாளன்று.