கைக்கு வந்த பலம்

தலைமைக்கான சண்டையை வெளியாள் மூட்டுவது குறைவு. தோளில் கைபோட்டுக் கூட நடந்தவனின் மனத்தாங்கலில்தான் பெரும்பாலும் அது பிறக்கிறது.

கட்சுஹிரோ ஓட்டோமோ இயக்கி 1988-இல் வெளிவந்த 'அகிரா' என்ற ஜப்பானிய அனிமேஷன் படம், 2019-ஆம் ஆண்டின் நியோ டோக்கியோவைக் கற்பனை செய்து காட்டியது. அங்கே ஒரு பைக் கும்பலுக்குத் தலைவன் கனேடா. அவனுடைய சிவப்பு பைக்கின் மேல் தெட்சுவோவுக்கு எப்போதும் ஒரு கண். இருவரும் சிறுவயதுத் தோழர்கள். தன்னைக் காத்த கையே தன்னைச் சிறியவனாக்கியதாகத் தெட்சுவோ நினைத்தான். அளவற்ற சக்தி வந்ததும் அந்தக் கையின் மீதே பாய்ந்தான். கடைசியில், சொன்னபடி கேட்காமல் வீங்கிப் பெருத்த தன் உடலுக்குள் சிக்கிக்கொண்டு அவன் கூப்பிட்டதும் அதே கனேடாவைத்தான்.

நகரம் புதிதாகலாம், ஆயுதம் புதிதாகலாம். பொறாமை மட்டும் பழையதுதான். பலம் கைக்கு வந்துவிடும். அதைத் தாங்கும் பக்குவம் மெல்லத்தான் வரும். முன்னது முந்திக்கொண்டால் முதலில் நொறுங்குவது நட்பு, அடுத்து நொறுங்குவது நாமே.

பறித்த இடத்தில் உட்காரலாம். நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்தவரின் இடத்தைக் கேட்கும் முன், அந்த இடம் சுமக்கும் பாரத்தைக் கேட்டுப் பாருங்கள். பாரத்தைப் பகிர முன்வருபவரைத் தேடித் தலைமை தானே வரும்.