மெய்க்கீர்த்திக்குப் பிறகு

வாலிகண்டபுரம் வாலீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் இராசராசன் (985–1014) காலம் முதல், சோழர் கல்வெட்டுகள் பலவும் மன்னன் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியோடுதான் தொடங்கும். ஊருக்கு ஊர் ஏறக்குறைய அதே வரிகள். அதைத் தாண்டினால்தான் ஊர்ப்பெயர், நிலத்தின் எல்லை, விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் பெயர் எல்லாம் வரும். ஆண்டவர் யாரென்று முன்பகுதி சொல்லும். வாழ்ந்தவர் யாரென்று பின்பகுதிதான் சொல்லும்.

கல்லூரி அசைன்மெண்டும் அப்படித்தான். முன்னுரை வகுப்புக்கே பொது; பெரும்பாலும் ஒரே கைபேசியிலிருந்து வந்தது. மதிப்பெண்ணுக்கு அது போதும் (ஆசிரியரும் போதுமென்று விட்டுவிடுகிறார்). உங்கள் வீட்டுப் பருத்திக்காடும் நீங்கள் கேட்டு வளர்ந்த பேச்சும் நுழைகிற வரியில்தான் எழுதியவர் முகம் தெரியும். தம்பி, தங்கைகளே, அடுத்த அசைன்மெண்டில் அப்படி ஒரு பத்தியாவது எழுதுங்கள்.