விசிட்டிங் கார்டில் போடாத படிப்பு

"சார், பத்து வருஷமா சாஃப்ட்வேர் வேலை. எம்.பி.ஏ. படிக்கட்டுமா, பி.எம்.பி. எழுதட்டுமா? எதுக்கு மதிப்பு ஜாஸ்தி?" என்று கேட்டார் நண்பர்.

எம்.பி.ஏ. 1908-ல் ஹார்வர்டில் ஆரம்பித்த படிப்பு. வழக்கமாக இரண்டு வருடம். வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் உங்களுடையது. பி.எம்.பி. 1984-ல் வந்தது. நான்கு வருடப் பட்டம் பெற்றவரும், ப்ராஜெக்ட்டை நடத்திய 36 மாத அனுபவத்தைக் காட்டினால்தான் பரீட்சை எழுத முடியும். பாஸானாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஒன்று, 'என்ன ஆகப்போகிறாய்?' என்று கேட்கிறது. மற்றது, 'இதுவரை என்ன செய்தாய்?' என்கிறது.

நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன். "விசிட்டிங் கார்டில் போடக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. அப்படின்னா எதைப் படிப்பீங்க?"

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டும் வேணாம் சார். இந்த மேனேஜர்கிட்டேருந்து தப்பிச்சா போதும்" என்றார்.

தப்பிக்க நினைப்பது தப்பில்லை. ஆனால், அதற்கு 'லட்சியம்' என்று பெயர் வைத்து, வீட்டு நகையை அடகு வைக்கலாமா? வேலையை மாற்றினாலே தீர்ந்துவிடுகிற பிரச்னைக்கு இரண்டு வருடப் படிப்பு எதற்கு?

இன்று ராத்திரி அந்த மூன்றாவது கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள். அப்போதும் ஒரு படிப்பின் பெயர் மனசில் வந்தால், தயங்காமல் ஃபீஸ் கட்டுங்கள்!