வேண்டாம் என்று ஆத்தா சொன்னால்

பல்லடத்துப் பக்கத்து ஊர்களிலோ காங்கேயத்துத் தோட்டத்துச் சாளைகளிலோ ஒரு மூதாட்டி சோறில்லாமல் கிடந்தால் அது அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போவதில்லை. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையை வந்த அன்றே மகன் வாங்கிக்கொள்வது தெரியும். அவன் கை ஓங்குகிற சத்தமும் கேட்கும். தாலுகா ஆபீசில் சொல்லட்டுமா என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வேண்டாங் கண்ணு, பையன் பேரு கெட்டுப்போயிரும்." கேட்டவர் திரும்பிப் போய்விடுகிறார். அவர் செய்தது சரியா?

சரி என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவர் தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் தகுதியை இழந்துவிடுவதில்லை. மகனும் அவளுடையவன், மானமும் அவளுடையது. புகாருக்குப் பிறகும் அவள் அதே கூரையின் கீழ்தான் படுக்க வேண்டும். மகனின் கோபம் அவள் மேல்தான் இறங்கும், புகார் சொன்னவர் மேல் இறங்காது. அவள் பேச்சை மீறுகிறவர் இதை எண்ணிப் பார்க்காமல் மீறக்கூடாது.

ஆனால் அந்த 'வேண்டாம்' எந்த நிலையிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் முதியவர்களின் பேச்சுக்கு மதிப்பிருந்தது பூமி அவர்கள் கையில் இருந்த காலத்தில். பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. நொய்யல் கரையோரத்துக் கிணறுகளும் காடுகளும் கெட்டன. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது பல குடும்பங்கள் விவசாயத்தை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது. சம்பாத்தியம் பனியன் கம்பெனிக்குப் போன இளையவர்கள் கைக்கு வந்தது. மிச்சமிருந்த பூமியையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த ஆத்தாவுக்குச் சோறும் மாத்திரையும் மகன் மனசு வைத்தால்தான். அந்த இடத்தில் இருந்து சொல்லும் 'வேண்டாம்', பாதி பாசம், பாதி பயம். பயத்தின் பாதியை அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

இந்த வசதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்மாவட்டங்களின் தலைக்கூத்தல் சாட்சி. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் அந்த வழக்கத்தை, அவர்களே கேட்டுக்கொண்டது என்றும் ஊர் நியாயப்படுத்தியது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் வீட்டார் பேச்சு காதில் விழுந்து ஒரு முதியவர் தப்பி ஓடினார். அதன் பிறகுதான் வெளியுலகம் விழித்தது. ஓட முடியாமல் கிடந்தவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள்? அங்கே 'சரி' என்றதாகச் சொன்னதை நம்ப மறுக்கும் நாம், இங்கே 'வேண்டாம்' என்பதை மட்டும் கேள்வி கேட்காமல் ஏற்பது பொருந்தவில்லை. முதியவர்கள் மீதான வன்முறையில் 24-இல் ஒன்றுதான் புகாராகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

குற்றம் யாருடையது என்பதிலும் ஊர்ப்பேச்சு நேர்மையாக இல்லை. "மருமக சோறு போடல" என்பார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி கம்பெனி வேனில் வந்து இறங்குகிறவள் அவளும்தான். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என்றுதான் பிள்ளைகளைச் சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. பெற்றவளுக்குச் சோறு போட வேண்டியவன் மகன். அவன் அலுத்து வருவது உண்மை, அதற்காக இரக்கப்படலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தது. வீட்டில் கிடக்கும் பெரியவர்களுக்காகக் கம்பெனிகளிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை, கேட்க வேண்டும். ஆனாலும் அலுப்பால் மறந்துபோன மாத்திரையும், பிடுங்கிய உதவித்தொகையும், ஓங்கிய கையும் ஒன்றாகிவிடாது.

அடியோ பட்டினியோ இருந்தால், அவள் 'வேண்டாம்' என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். உயிர் இருந்தால்தான் அவள் நாளைக்கு வேறு முடிவை எடுக்க முடியும். 14567 என்ற உதவி எண் இதற்காகத்தான் இருக்கிறது. அந்தப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உள்ள தீர்ப்பாயம் தானாகவே எடுத்து விசாரிக்கவும் இடமுண்டு. அந்த அளவுக்குப் போகாதபோது அவள் பேச்சுக்குக் கட்டுப்படலாம். ஆனால் அவள் எதற்கு 'வேண்டாம்' என்கிறாள் என்று மகன் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். புகார் என்றதும் அவள் கண்ணில் தெரிவது போலீஸ் ஸ்டேஷன். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அப்படிப்பட்டதில்லை, முதலில் சமரசத்துக்கு அனுப்பவும் அதற்கு வழியுண்டு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்த பூமியும் போனது போனதுதான் என்று நினைத்திருப்பாள். அன்பாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியதென்றால், நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டாலும் ரத்தாகலாம் என்று நாகப்பட்டினம் வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. இத்தனையும் தெரிந்த பிறகு அவள் 'வேண்டாம்' என்றால் அது அவளுடைய முடிவு. அப்போதும் அடுத்த வாரம் போய் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.